காணியில் உட்கார்ந்திருந்த ஜோசப்

கடலூர் ஓ.டி.ன்னு சொல்ற பழைய டவுன்ல ஐஸ் கம்பெனி மெக்கானிக் ஜோசப் செத்த அன்னிக்கு அவன் பொண்டாட்டி ஆரோக்கிய அனிதா அழுவல. அந்தத் தெருவுல அது பெரிய சேதி. வந்தவுங்கள்ல பாதிப் பேரு பெட்டியில இருந்தவனப் பார்த்தாங்க, மீதிப் பேரு அனிதாவோட கண்ணத்தான் பார்த்தாங்க. சொட்டு ஈரம் இல்ல. பெட்டிக்குப் பக்கத்துல உட்கார்ந்துகிட்டு, மாலையில இருந்து உதிர்ந்த சாமந்தி இதழ ஒவ்வொண்ணாப் பொறுக்கி மடியில போட்டுக்கிட்டே இருந்தா. ஒறவுக்காரம்மா ஒருத்தி முதுகுல தட்டி, வாய் விட்டு அழுடி, நெஞ்ச அடைச்சிக்கும்னு சொன்னா. அனிதா நிமிந்து பார்த்து, சரிங்கன்னு சொன்னா. சரிங்கன்னு சொல்ற எடமா அது?

கல்லுன்னாங்க. புள்ளையில்லாதவ, அதான் ஒட்டு இல்லன்னாங்க. நரம்பில்லாத நாக்கு, எப்படி வேணாலும் பேசும். மாமியா சவரிமேரி மட்டும், ஒரே மவனப் பறிகொடுத்தவ, அழுது அழுது தொண்டை கட்டிப்போயி, மருமவளையே பார்த்துக்கிட்டு இருந்தா.

சவரிமேரிக்குச் சுகர். அந்த வீட்டுல எப்பவும் ரெண்டு விதமா டீ போடுவாங்க. அவளுக்குச் சக்கரை இல்லாம ஒண்ணு, அனிதாவுக்கு ரெண்டு ஸ்பூன் போட்டு ஒண்ணு. காரியமெல்லாம் முடிஞ்ச வாரத்துல, இருந்த குழப்பத்துல டம்ளர் மாறிப்போச்சு. அனிதா சக்கரை இல்லாத டீய மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டு, டம்ளரக் கழுவிக் கவுத்து வச்சிட்டு எழுந்து போயிட்டா. அதச் சவரிமேரி கவனிச்சா. மறுநாள் வேணும்னே சக்கரை போடாம குடுத்துப் பார்த்தா. அதையும் குடிச்சா. அதுக்கப்புறம் அந்த வீட்டுல ஒரே டீதான். சக்கரை டப்பா மேல்தட்டுக்குப் போயிடுச்சு. என்னிக்காவது இந்தப் பொண்ணு வாயத் தொறந்து கேக்கும்னு சவரிமேரி காத்துக்கிட்டு இருந்தா.

அனிதாவுக்கு வலிக்கலன்னு சொல்ல முடியாது. வலிக்குதா இல்லியான்னே அவளுக்குத் தெரியல. பல்லு புடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவாங்க இல்ல, தொட்டா கன்னம் இருக்கும், ஆனா அது நம்ம கன்னமா இருக்காது. அவளுக்கு உடம்பு பூரா அப்படி ஆயிடுச்சு. சோறு வச்சா தின்னா. படுன்னா படுத்தா. கொஞ்ச நாள்ல பழக்க தோசத்துல பையத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் பஸ் ஏறிட்டா. அதுக்கும் தெரு ஒரு பேச்சு பேசுச்சு.

அவ வேலை சிதம்பரத்துல. மேல வீதிக்குப் பின்னாடி ஒரு சந்துல ஜெயராணின்னு ஒருத்தவுங்க ஆரி ஒர்க் கடை வச்சிருக்காங்க. கல்யாணப் பொண்ணுங்க ப்ளவுசுக்குக் கையால பூவும் மயிலும் போட்டுக் குடுக்கற கடை. கட்டில் சட்டம் மாதிரி பெரிய ஃப்ரேமுல துணிய விறைப்பா இழுத்துக் கட்டி, இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தின்னு தரையில உட்கார்ந்து போடணும். அனிதாவுக்கு எதிர்ப்பக்கம் அமிர்தம். குமராட்சிப் பக்கத்து ஆளு, மினி பஸ்சுல தொங்கிக்கிட்டு வர்றவ. வாய் ஜாஸ்தி, மனசும் ஜாஸ்தி.

இப்ப ஜோசப்பப் பத்தி சொல்லணும். அவனுக்கு எப்பவும் நைட் ஷிஃப்ட். இவ காலையில கெளம்பறப்ப அவன் வருவான், அவன் சாயந்திரம் கெளம்பறப்ப இவ வருவா. வாசப்படியில ஒருத்தர் செருப்ப விடுவாங்க, ஒருத்தர் செருப்ப மாட்டுவாங்க. ஞாயித்துக்கெழமை ஒரு நாள்தான் ரெண்டு பேரும் முழுசா மொகம் பார்க்கறது. அதுலயும் பாதி பூசையிலயும் மீன் ஆயறதுலயும் போயிடும். கல்யாணம் கட்டி இத்தினி வருசத்துல ஒழுங்கா உட்கார்ந்து பேசினது எவ்வளவுன்னு கேட்டா அவுங்களுக்கே சிரிப்பு வரும்.

அதனாலதான் அந்த விளையாட்டு. போன்ல வெள்ளாமை பண்ற விளையாட்டு ஒண்ணு, வாயில நுழையாத இங்கிலீஷ் பேரு. ஜோசப் அதுக்குக் காணின்னு பேரு வச்சிட்டான். உள்ள அவனுக்கு ஒரு காணி, பக்கத்துலயே அவளுக்கு ஒரு காணி, நடுவுல வேலி கெடையாது. அவன் காணியில ஓட்டு வீடு, பப்பாளி மரம், அல்லி பூத்த குளம். இவ பஸ்சுல போய்க்கிட்டே வெதைப்பா. அவன் ராத்திரி மோட்டாருக்குப் பக்கத்துல உட்கார்ந்து தண்ணி பாய்ச்சுவான். குளத்துல மீன் புடிச்சி அவ வீட்டு வாசல்ல ஒண்ணு வச்சிட்டுப் போவான். காலையில புதுச்சத்திரம் தாண்டறப்ப அவ போனத் தொறந்தா வாசல்ல மீன் கெடக்கும். அவ பதிலுக்கு ரெண்டு பப்பாளி வச்சிட்டு வருவா. பேச வேண்டியதையெல்லாம் அவுங்க இப்படித்தான் பேசிக்கிட்டாங்க. அந்தக் காணி சோறு போடுமாடான்னு சவரிமேரி கேப்பா. உங்க அத்தைக்கு ஒரு காணி எழுதி வச்சிடலாமா புள்ளன்னு ஜோசப் அனிதாவப் பார்த்துக் கண்ணடிப்பான்.

ஜோசப் பீச்சாங்கைக்காரன். சின்னதுல சவரிமேரி அவன் இடது கைய ஜன்னல் கம்பியில துண்டால கட்டிப் போட்டு, வலது கையால சோத்த அள்ளிப் பழக்கினா. சிலுவை போடவும் பந்தியில சாப்புடவும் வலது கை வந்துச்சு. மத்தபடி ஸ்பேனர் புடிக்கிறது, கேரம் அடிக்கிறது, உப்பனாத்துல தூண்டில் போடுறது எல்லாம் இடதுதான். ஆனா அந்த விளையாட்டுல இருக்கற பொம்மைக்கு எல்லாம் வலது கை. தொப்பிய மாத்தலாம், மீசை வைக்கலாம், கைலிக்குக் கட்டம் கூடப் போடலாம், கைய மட்டும் மாத்த முடியல. ஜோசப்புக்கு அது பெரிய கொறை.

"இவன் நான் இல்ல புள்ள, என் மச்சான் எவனோ வந்து என் குளத்துல மீன் புடிக்கிறான்" அப்படின்னு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சொல்லுவான்.

ஆளு விளையாட்ட விட்டு வெளிய வந்துட்டா, அவன் பொம்மை விட்ட எடத்துலயே இருக்கும். ஜோசப் எப்பவும் குளத்தங்கரையில தூண்டிலோட உட்கார வச்சிட்டுத்தான் போவான். அது உட்கார்ந்த மேனிக்குத் தூங்கி வழியும். தோளு மெதுவா ஏறும், எறங்கும். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, சட்டையக் கூடக் கழட்டாம சேர்ல சாஞ்சு தூங்குவானே, அச்சு அசல் அப்படியே.

போன வருசம் கல்லறைத் திருநாள் முடிஞ்ச கையோட மழை புடிச்சிக்கிச்சு. அந்த மழையிலதான் ஐஸ் தொட்டி மேல போட்ட பலகையில உட்கார்ந்திருந்தவன் நெஞ்சப் புடிச்சிக்கிட்டுச் சாஞ்சான். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிபோச்சு. கையில இருந்த போன் பலகைக்குக் கீழ ஐஸ் தொட்டி உப்புத்தண்ணிக்குள்ள விழுந்துச்சு. எடுத்துக் காய வச்சுப் பார்த்தாங்க, உயிர் வரல. அவன் காணிக்குள்ள அவனா நொழையணும்னா அவன் நம்பர் வேணும். அனிதா போன் கடைக்குப் போயி அதே நம்பர் கெடைக்குமான்னு கேட்டா. நம்பர் யார் பேர்ல இருக்குதோ அவரே வந்து கைரேகை வைக்கணும்மான்னு கடைக்காரர் சொன்னாரு. சரிங்கன்னு சொல்லிட்டு வந்துட்டா. செத்துட்டாருன்னு சொல்லியிருந்தா வேற வழி சொல்லியிருப்பாரு. அவளுக்கு அதைச் சொல்லத் தோணல.

வீட்டுல மாட்டியிருக்கற படத்தப் பத்திக் கேட்டா நீங்க சிரிப்பீங்க. எல்லாரையும் படம் புடிக்கிறவன் ஜோசப்புங்கறதால அவனுக்குன்னு நல்ல படம் ஒண்ணு கூட இல்ல. லைசென்ஸ்ல இருந்த மொகத்த எடுத்து, ஸ்டுடியோக்காரர் கோட்டு போட்டு, டை கட்டி, பின்னாடி மேகம் விட்டு, கன்னத்துக்கு ரோசு பூசி, மீசையையும் சன்னமாக்கிக் குடுத்துட்டாரு. கல்யாணத்துக்கே கோட்டு போடாதவன். மாதா மேல சத்தியமா அது ஏதோ பேங்க் மேனேஜர். சவரிமேரி கண்ணு மங்கலுக்கு அது மவனாத் தெரிஞ்சுதோ என்னமோ, தெனம் சாயந்திரம் மெழுகுவத்தி ஏத்தி செபமாலை சொன்னா. அனிதாவும் பக்கத்துல முட்டி போட்டு, முன்ன பின்ன தெரியாத ஒருத்தருக்காக வேண்டிக்கிட்டா.

ஜோசப் இருந்தது காணியிலதான். தெனம் காலையில பஸ்சுல உட்கார்ந்ததும் அவ தன் காணி வழியா நடந்து அவன் காணிக்குப் போவா. அவன் தூண்டிலப் புடிச்சிக்கிட்டுத் தூங்கிக்கிட்டு இருப்பான். தோளு ஏறும், எறங்கும். அவ எதிர்க்கரையில நின்னுக்கிட்டு வெள்ளாத்துப் பாலம் வர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருப்பா. அழுகையும் வராது, ஆசையும் வராது. பார்க்கணும், அவ்வளவுதான். ஒரு வருசத்துல அவளாப் பண்ணின காரியம் அது ஒண்ணுதான்.

வேளாங்கண்ணித் திருநாளுக்கு நடந்து போனவுங்கல்லாம் திரும்பி வந்துக்கிட்டு இருந்த சமயம். ஒரு நாள் காலையில அவன் காணி வாசல்ல சிவப்பாப் பலகை ஒண்ணு நட்டிருந்துச்சு, பூரா இங்கிலீஷ். அவ கடைக்குப் போனதும் ஜெயராணிகிட்டக் காட்டினா. ஜெயராணி கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிச்சிட்டு, இந்த நெலத்துக்காரர் வந்து ரொம்ப நாளாவுது, ஒரு வருசம் வரலன்னா நெலத்தயும் ஆளையும் அழிச்சிட்டுப் புதுசா வர்றவுங்களுக்குக் குடுத்துடுவாங்களாம்னு சொன்னாங்க. அப்புறம் தான் சொன்னது என்னன்னு அவுங்களுக்கே ஒறைச்சு, கண்ணாடியக் கழட்டிட்டு டீ வாங்கிட்டு வரச் சொல்லி யாரையோ கூப்புட்டாங்க.

ஒரு வருசம்னா எப்பன்னு கணக்குப் போட வேண்டியதே இல்ல. அதே மழைக்காலம். வருசத்துப் பூசைக்குச் சாமியார்கிட்ட ஏற்கெனவே பேரு குடுத்தாச்சு. பூசையில எல்லாரும் அந்தக் கோட்டு போட்டவரு முன்னாடி நின்னு மெழுகுவத்தி ஏத்துவாங்க. அதே வாரத்துல குளத்தங்கரையில இருக்கறவனும் போயிடுவான். அதுக்கப்புறம் ஜோசப்பப் பார்க்கணும்னா எங்க போவா? அனிதாவுக்குப் பயம் வந்துச்சு. ஊசி போட்ட கன்னத்துல யாரோ நகத்தால கிள்ளின மாதிரி ஒரு பயம். அந்த வருசத்துல அவளுக்கு வந்த மொத ஒணர்ச்சி அதுதான்.

ஏண்டி, அப்படியே படமாப் புடிச்சி வச்சிக்க வேண்டியதுதானேன்னு அமிர்தம் கேட்டா. அதுவும் சரிதான்னு போன்லயே படம் எடுத்துப் பார்த்தா. வீடு வந்துச்சு, மரம் வந்துச்சு, குளம் வந்துச்சு, அவனும் வந்தான். தோளு மட்டும் நின்னுபோச்சு. தோளு நின்ன ஜோசப்ப அவ ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துட்டா. இன்னொரு தடவை வேணாம்னு அப்பவே அழிச்சிட்டா.

அன்னிக்கு ஃப்ரேமுல ஒரு பொண்ணோட ப்ளவுசுக்கு மயில் போட்டுக்கிட்டு இருந்தாங்க. கழுத்துக்குப் பட்டு நூலு. தலையச் சாய்ச்சா நீலமாத் தெரியும், நிமித்தினா பச்சையாத் தெரியும், பார்க்கறவ அசைய அசைய மயிலும் மூச்சு விடற மாதிரி இருக்கும். இத்தினி வருசமா எத்தினியோ மயிலு அவ கையால போட்டாச்சு, அன்னிக்குத்தான் ஊசிய நிறுத்திட்டு அதையே பார்த்தா. அப்புறம் அமிர்தத்துகிட்ட, நான் ஜோசப்பப் போடப் போறேன்க்கான்னு சொன்னா. அமிர்தம் வாயி ஓயாதவ, அன்னிக்கு நூல்கண்டுங்கள அவ பக்கம் நகத்தி வச்சா. வெட்டினது போக மிஞ்சின கரும்பச்சை ரா சில்க் துண்டு ஒண்ண ஜெயராணியே எடுத்துக் குடுத்தாங்க.

ஆரி ஒர்க்குல படத்த நேரா துணியில வரைய மாட்டாங்க. மொதல்ல டிரேசிங் ஷீட்டுல வரையணும், கோட்டு மேலயே ஊசியால பொடிப் பொடியாக் குத்தி ஓட்டை போடணும், ஷீட்டத் துணி மேல வச்சு, வெள்ளைப் பவுடர மண்ணெண்ணெயில கொழைச்சு, பஞ்சுல தொட்டுத் தேய்க்கணும். ஓட்டை வழியா எறங்கிக் கீழ புள்ளி புள்ளியாக் கோடு விழும். அனிதா போன முட்டியில சாத்தி வச்சிக்கிட்டுப் பஸ்சுலயும் வரைஞ்சா, சோத்து நேரத்துலயும் வரைஞ்சா. வீடு, மரம், குளம் எல்லாம் பெரிய ஷீட்டுல. ஜோசப்ப மட்டும் தனியா ஒரு சின்ன ஷீட்டுல. உள்ளங்கை அகலத்துக்கு ஆளு, தொப்பி, மீசை, கைலி, தூண்டில். அதுக்கு மட்டும் அவ்வளவு நாளாச்சு.

துணியில எறக்கின அன்னிக்குக் காலையில இருந்து கடையில கைப் பட்டைக்கு டிரேஸ் எடுக்கற வேலை. ப்ளவுசுக்கு ரெண்டு கை இல்லையா, ஒரு கைக்கு ஷீட்ட வச்சுத் தேய்ப்பாங்க, அதே ஷீட்டத் திருப்பிப் போட்டு அடுத்த கைக்குத் தேய்ப்பாங்க. அப்பதான் ரெண்டு மயிலும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கும். காலையில பூரா அதேதான், தேய், திருப்பு, தேய். சோத்து நேரத்துல எல்லாரும் டப்பாவத் தொறக்க, அனிதா தன் துணிய ஃப்ரேமுல கட்டினா. பெரிய ஷீட்டத் தேய்ச்சா, வீடும் குளமும் வந்துச்சு. சின்ன ஷீட்ட இடது கரையில வச்சுத் தேய்ச்சா, ஜோசப் வந்தான். எடுத்தா. கை தன் பாட்டுக்கு ஷீட்டத் திருப்புச்சு, வலது கரையில வச்சுச்சு, தேய்ச்சுச்சு.

அமிர்தம் சோத்துக் கையோட எட்டிப் பார்த்தா. குளத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ஜோசப், ஒருத்தன ஒருத்தன் பார்த்துக்கிட்டுத் தூண்டில் போட்டுக்கிட்டு இருந்தானுங்க.

"அடிப்பாவி, புருசனுக்கும் ரெண்டு கைக்குத் தேய்ச்சிட்டியேடி" அப்படின்னா.

கேட்டவுங்க சிரிச்சாங்க. அனிதாவுக்குச் சிரிப்பும் வரல, வருத்தமும் வரல. தப்பாப்போச்சு, அவ்வளவுதான். இது தெனம் நடக்கற தப்பு, மண்ணெண்ணெய் தொட்ட துணியால தொடைச்சா போயிடும். துணிய நனைச்சிக்கிட்டு வலது கரைக்குக் கையக் கொண்டு போனா. தொப்பியத் தொடைக்கலாமா, தூண்டிலத் தொடைக்கலாமா, எங்க ஆரம்பிக்கலாம்னு குனிஞ்சு பார்த்தா.

தூண்டில் இடது கையில இருந்துச்சு.

அவ கை அப்படியே நின்னுச்சு. ஷீட்டத் திருப்பினா எல்லாம் திரும்பத்தானே செய்யும், அது அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் பார்த்துக்கிட்டே இருந்தா. விளையாட்டுக் கம்பெனிக்காரன் குடுக்காத கை. ஜன்னல் கம்பியில கட்டியும் அடங்காத கை. எவனோ மச்சான் இல்ல, இது ஜோசப்பு. அமிர்தம் சோத்த மறந்துட்டு இவ மொகத்தப் பார்த்தா. அனிதா நகந்து இந்தப் பக்கம் வந்து, போன்ல இருக்கற மாதிரியே அச்சுப் பிசகாம விழுந்திருந்த இடது கரைக்காரனத் தொடைக்க ஆரம்பிச்சா. தொப்பி போச்சு, மீசை போச்சு, வலது கையும் தூண்டிலும் போச்சு. நல்லா இருந்தத ஏண்டி அழிக்கிறன்னு அமிர்தம் கேட்டா.

"அவருக்குப் பீச்சாங்கை அக்கா" அப்படின்னா அனிதா.

அப்புறம் தெனம் சோத்து நேரம் அதுதான் வேலை. கடையில பழகின வேகத்த விட்டுட்டு நிதானமாப் போட்டா. குளத்துக்கு ரெண்டு நீலம் கலந்த பட்டு நூலு. பப்பாளிக்கு முடிச்சுத் தையல். கைலிக் கட்டத்துக்கு ஒத்தை நூலு. மீசைக்கு ரெண்டே தையல். தோளுக்கு வந்தப்ப நாலஞ்சு தடவை போட்டுப் போட்டுப் பிரிச்சா. சங்கிலித் தையலுக்கு ஒரு கொணம் உண்டு, கடைசி முடிச்சப் போடலன்னா நூலப் புடிச்சு ஒரே இழுப்பு, அத்தனையும் உருவிக்கிட்டு வந்துடும். அவ இழுத்து இழுத்து விட்டுட்டு மறுபடி போட்டா. கடைசியில தையல ஒண்ணுக்கு நேரா ஒண்ணு ஓட்டாம வளைச்சு வளைச்சு ஓட்டினா. துணியச் சாய்ச்சா தோளுல வெளிச்சம் ஏறுச்சு, நிமித்தினா எறங்குச்சு. அதுக்கு மட்டும் முடிச்ச ரெண்டு தடவை போட்டா. கேக்காமயே அமிர்தம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வீட்டு ஓடு முழுக்கச் சிவப்பு நூல்ல அடைச்சிக் குடுத்தா. இடது கரைய என்ன பண்றதுன்னு தெரியாம அனிதா வெறும் புல்லாப் போட்டு விட்டா.

பூசைக்கு மொத நாள் காலையில மழை. பஸ் கண்ணாடியெல்லாம் மூடியிருந்துச்சு. புதுச்சத்திரம் தாண்டினதும் போனத் தொறந்து தன் காணி வழியா நடந்தா. எல்லை வரைக்கும் போனா. அந்தப் பக்கம் வீடு இல்ல, மரம் இல்ல, குளம் இல்ல. புதரும் கல்லும்தான் இருந்துச்சு. நடுவுல ஒரு பச்சைப் பலகை, யாரோ புதுசா வரப்போறவுங்களுக்கு நல்வரவு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அவ கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுப் போனப் பையில போட்டா. பையில துணி சுருட்டி இருந்துச்சு. அது மேல கைய வச்சிக்கிட்டா. அழுகை வருமான்னு பார்த்தா, வரல. வெள்ளாத்துல தண்ணி செம்மண் கலர்ல ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுப் போச்சு.

மறுநாள் விடிகாலையில சவரிமேரி ஸ்டூல் போட்டு ஏறி, கோட்டு போட்ட படத்த எறக்கித் தொடைச்சிக்கிட்டு இருந்தா. கோயில்ல பீடத்துக்குக் கீழ ஒரு மேசை போட்டு வைக்கணும். அனிதா துணிய எடுத்துக்கிட்டு வந்து நின்னா. விளையாட்டுப் பொம்மையக் கோயிலுக்குக் கொண்டு போறதான்னு அத்தை ஒரு வார்த்தை சொல்லிட்டா, மறுபடி யாருகிட்டயும் இத விரிச்சுக் காட்ட அவளால முடியாது. அது அவளுக்கே தெரிஞ்சிருந்துச்சு.

என்னம்மா இது, யாரு காணின்னு கேட்டுக்கிட்டே சவரிமேரி துணிய வாங்கினா. கண்ணு சரியாத் தெரியல. ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டு போனா. ஓட்டு வீட்டத் தடவிப் பார்த்தா, பப்பாளியத் தடவிப் பார்த்தா. குளத்துல வெரல் ஊர்ந்து போயி வலது கரைக்கு வந்துச்சு. தொப்பி, தோளு, கை. அந்தக் கையில வெரல் நின்னுச்சு. புடிச்சிக்கிட்டு இருந்த ஜன்னல் கம்பியையும் ஒரு தடவை பார்த்தா.

"இந்தக் கம்பியிலதான்டி கட்டிப் போட்டேன்" அப்படின்னா. "அழுது அழுது மூக்கு ஒழுகுச்சு. அவுத்து விட்டதும் இந்தக் கையாலயே என் கன்னத்தத் தொடைச்சான், படுபாவி."

துணிய நெஞ்சோட சேத்துப் புடிச்சிக்கிட்டுத் தரையில உட்கார்ந்துட்டா. அனிதாவும் பக்கத்துல உட்கார்ந்தா. மாமியா முதுகத் தடவி விட்டா. அந்த முதுகு சூடா இருந்துச்சு, எலும்பு தட்டுச்சு, குலுங்குச்சு. எல்லாம் அவ உள்ளங்கைக்குத் தெரிஞ்சுது.

கோயிலுக்குக் கெளம்பறப்ப கோட்டு போட்டவரு கட்டில் மேலயே கெடந்தாரு. சவரிமேரி துணியத்தான் எடுத்துக்கிட்டு நடந்தா. மேசையில விரிச்சு, காத்துல பறக்காம நாலு மூலையிலயும் மெழுகுவத்தித் தண்டு வச்சா. என்ன பெரியம்மா, பொம்மை படம் போட்ட துணிய வச்சிருக்கீங்கன்னு பின்னாடி இருந்து யாரோ கேட்டாங்க. என் மவன்னு மட்டும் சொல்லிட்டு முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டா. மெழுகுவத்தி ஆட ஆட, கரையில உட்கார்ந்திருந்தவனோட தோளு ஏறி எறங்குச்சு. அனிதா பூசை முடியற வரைக்கும் அதையே பார்த்துக்கிட்டு இருந்தா.

கல்லறைக்குப் போயிட்டு, வந்தவுங்களுக்குச் சோறு போட்டு அனுப்பிட்டு, வீடு காலியானப்ப சாயந்திரம் ஆயிடுச்சு. சவரிமேரி எப்பவும் போல ரெண்டு டம்ளர்ல டீ ஊத்தி, ஒண்ண அனிதா கையில குடுத்துட்டு அடுப்ப அணைக்கத் திரும்பினா. அனிதா ஒரு வாய் குடிச்சா. டம்ளர உள்ள எட்டிப் பார்த்தா. இன்னொரு வாய் குடிச்சிட்டு மொகத்தச் சுளிச்சா.

"அத்தை, டீயில சக்கரையே இல்ல."

சவரிமேரி அடுப்புத் திண்டப் புடிச்சிக்கிட்டு அப்படியே நின்னா. அப்புறம் இல்லையா, மறந்துட்டன்டின்னு சொல்லிட்டு, காலையில போட்ட ஸ்டூல இழுத்துப் போட்டு ஏறி மேல்தட்டுல இருந்து டப்பாவ எடுத்தா. ஒரு வருசமாத் தொறக்காத டப்பா, மூடி எறுகிக்கிச்சு. உள்ள சக்கரை பூரா ஒரே கட்டியா இருந்துச்சு. அவ ஸ்பூனால குத்திக் குத்திப் பார்த்தா, கண்ணு நெறைஞ்சு குறியும் தப்புச்சு. அனிதா டப்பாவ வாங்கித் தரையில ரெண்டு தட்டு தட்டி ஒடைச்சா. ரெண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிக் குடிச்சுப் பார்த்தா. பத்தலன்னு இன்னொரு ஸ்பூன் போட்டுக்கிட்டா.